ஈரலா, சுவரொட்டியா, போட்டியா? கொங்கு நாட்டு உள்ளுறுப்புக் கறிகளின் பெயர்க் குழப்பம் தீர ஒரு முழுமையான வழிகாட்டி

கறிக்கடையில் அரைக் கிலோ ஈரல் என்று கேட்டு வாங்கி வருகிறோம். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் பாதிக்கு மேல் வெளிர் ரோஸ் நிறத்தில், விரலால் அழுத்தினால் அமுங்கி எழும் நுரையீரல். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வருவது இயல்பு. மறுவாரம் கேட்டால் கடைக்காரர், "ஈரல்தானே கேட்டீர்கள், ஈரல்தானே கொடுத்தேன்" என்பார். அவர் சொல்வதிலும் பிழை இல்லை. கல்லீரலும் ஈரல், நுரையீரலும் ஈரல், மண்ணீரலும் ஈரல். மூன்றுக்கும் சுவை வேறு, வேகும் நேரம் வேறு, விலையும் வேறு.

சேலத்துப் பக்கமிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் 'போட்டி' என்கிறாள். மாமியார் 'குடல்' என்கிறார். மாமியார் சொல்லும் குடலில் இரைப்பையும் சேர்த்தி. மருமகள் சொல்லும் போட்டியில் அது சேருமா சேராதா என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். சுவரொட்டி வாங்கி வா என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) அனுப்பினால், அந்தப் பெயரைக் கைபேசியில் தேடும் பேரனுக்குக் கிடைப்பது சுவரில் ஒட்டும் விளம்பரத் தாள். உறவுக்கூட்டத்தில் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டு போன இளையவர்கள் வீட்டில் செய்து பார்த்து, சரியாக வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் பக்குவம் சரியாகத்தான் இருந்திருக்கும், உறுப்புதான் மாறிப்போயிருக்கும்.

கொங்குச் சமையலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இந்த உள்ளுறுப்புக் கறிகள். கிடாய் விருந்துகளில் கறிக்குழம்பு கொதிக்கும் முன்பே ரத்தப் பொரியலும் ஈரல் வறுவலும் தயாராகிவிடும். கெட்டுப்போகும் வேகத்தில் முந்துவதே அடுப்பிலும் முந்த வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்த அறிவு பெயர்க் குழப்பத்தில் தொலைந்துபோகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பெயரைப் பிடித்துக்கொண்டு உறுப்பைத் தேடினால் ஊருக்கு ஊர் தடுமாற வேண்டியிருக்கும். உறுப்பை முதலில் கண்ணாலும் கையாலும் தெரிந்துகொண்டால், எந்த ஊர்ப் பெயர் வந்தாலும் அதன்மேல் பொருத்திக்கொள்ளலாம்.

படி 1: பெயரை உடைத்துப் பாருங்கள்

ஒரு கறியின் பெயரில் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்று உறுப்பு, மற்றொன்று பக்குவம். 'குடல் குழம்பு', 'ஈரல் வறுவல்', 'ரத்தப் பொரியல்' ஆகியவை இப்படித் தெளிவாக உடையும். சிக்கல் வருவது ஒற்றைச் சொல் பெயர்களில். பாயா, போட்டி, சுக்கா, கைமா, சுவரொட்டி என்று தனியாக நிற்கும் சொல்லைக் கேட்டால், இது உறுப்பைச் சொல்கிறதா, பக்குவத்தைச் சொல்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சுக்கா என்பது நீர் வற்றச் செய்யும் பக்குவம். எந்த உறுப்பிலும் செய்யலாம். கைமாவும் கொத்துக்கறியும் பொடியாகக் கொத்திய தசைக்கறி. இவற்றில் உள்ளுறுப்பு இல்லை. கொத்துக்கறி கேட்டவருக்கு ஈரல் கலந்து கொத்திக் கொடுத்தால் அது கொத்துக்கறி ஆகாது, திருப்பிக் கொடுக்கலாம். பாயா என்பது ஆட்டுக்காலையும் குறிக்கும், அதில் செய்த குழம்பையும் குறிக்கும். நல்லி, நெஞ்செலும்பு இரண்டும் எலும்புக்கறி. பேச்சில் குடல், ஈரலோடு சேர்த்துச் சொல்லப்பட்டாலும் இந்தக் கணக்கில் வராது.

கொங்கில் பொரியல், வறுவல் என்ற சொற்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரத்தத்தை உதிர்த்து, தேங்காய்த் துருவல் போட்டு, காய்ப் பொரியலின் பதத்தில் எடுப்பதால் அது பொரியல். ஈரலையும் குடலையும் துண்டாகவே வைத்து எண்ணெயில் சுருள விடுவதால் அவை வறுவல். 'ரத்த வறுவல்' என்று ஒருவர் சொன்னால், உதிர்க்காமல் துண்டாக வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: சிவப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரியுங்கள்

ஆட்டை வெட்டி வயிற்றைத் திறந்தால் உள்ளிருந்து இரண்டு தொகுதிகள் வெளியே வரும். இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் தொகுதி சிவப்பு. மூச்சுக்குழலைப் பிடித்துத் தூக்கினால் அதில் வரிசையாக எல்லாம் தொங்கும். மேலே மூச்சுக்குழலின் இரு பக்கமும் நுரையீரல், நடுவே இதயம், கீழே கல்லீரல். இதைத்தான் ஈரல்குலை என்கிறோம். பயத்தில் 'ஈரக்குலை நடுங்கிவிட்டது' என்று சொல்வது இந்தக் குலையைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் கொக்கியில் தொங்கும் குலையைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். நுரையீரல் வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்கும்; தொட்டால் காற்று நிறைந்த மெத்தென்ற பதம்; ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். இதயம் கெட்டியான தசை, மேல்பக்கம் வெள்ளைக் கொழுப்பு படிந்திருக்கும். கல்லீரல் ஆழ்ந்த செம்பழுப்பு, மழமழப்பு, கனம். அதன் அடியில் பச்சையாக ஒரு சிறு பை ஒட்டியிருக்கும், அது பித்தப்பை. உடையாமல் அதை அறுத்தெடுக்கத் தெரிந்தவரே நல்ல கறிக்கடைக்காரர். பித்தம் பட்ட இடம் கசந்துவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது, அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும்.

இரண்டாவது தொகுதி வெள்ளை. இரைப்பையும் குடலும் அதைச் சுற்றிய சல்லடைக் கொழுப்பும் இதில் அடங்கும். ஆடு அசைபோடும் பிராணி, அதன் இரைப்பையில் நான்கு அறைகள். பெரிய பையின் உள்பக்கம் சொரசொரவென்று சிறு முட்கள் எழுந்து நிற்கும். அதை ஒட்டிய சிறிய பையில் தேன்கூட்டுக் கட்டங்கள். மூன்றாவதில் ஏடு ஏடாக மடிப்புகள். நான்காவது வழவழப்பானது. அதற்குப் பின் சிறுகுடல் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் ஓடும், அதன்பின் பெருங்குடல். கொங்குக் கடைகளில் 'ஒரு செட் குடல்' என்றால் வழக்கமாக இவை எல்லாம் சேர்ந்தே வரும். தனியாகக் கேட்காவிட்டால் பெருங்குடலின் கடைப்பகுதியைக் கடைக்காரரே நீக்கிவிடுவார். நீக்கியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டிலும் சேராதவை சில உண்டு. சிறுநீரகம் முதுகோடு ஒட்டிக் கொழுப்புக்குள் புதைந்திருக்கும். கடையில் கிட்னி என்றே கேட்கலாம்; பெரியவர்கள் குண்டிக்காய் என்பார்கள். தலையும் அதற்குள் இருக்கும் மூளையும் நாக்கும் ஒரு கணக்கு. கால் நான்கும் ஒரு கணக்கு. ரத்தம் தனி.

படி 3: சுவரொட்டியைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு ஒரு படியே ஒதுக்கக் காரணம், அதிகமான குழப்பமும் அதிகமான ஏமாற்றமும் இதில்தான்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். மருத்துவர் மண்ணீரல் என்பார், பாடப்புத்தகமும் மண்ணீரல் என்றே சொல்லும், கறிக்கடையில் சுவரொட்டி. உடம்பில் ரத்தம் குறைந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நம் வீடுகளில் தேடி வாங்கிக் கொடுப்பது இதைத்தான். அந்த வழக்கத்துக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் பச்சைச் செம்மறி மண்ணீரலில் ஏறத்தாழ 42 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று இருக்கிறது. அதே அளவு ஈரலில் 7 மில்லிகிராமை ஒட்டித்தான். ஈரலைச் சுவரொட்டி என்று நினைத்து வாங்கிக் கொடுப்பவர்கள் எவ்வளவை இழக்கிறார்கள் என்று பாருங்கள். ரத்தசோகைக்கு மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை இதற்காக நிறுத்திவிடக் கூடாது. உணவு உணவாக இருக்கட்டும்.

அடையாளம் இப்படி: தட்டையாக இருக்கும். கருஞ்சிவப்பில் நீலம் ஓடிய நிறம். மேலே மெல்லிய வெள்ளைச் சவ்வு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. கத்தியால் கீறினால் உள்ளே கூழாக, அடர் சிவப்பாக இருக்கும். கல்லீரலைக் கீறினால் இப்படிக் கூழ் வராது, இறுகிய சதையாக வெட்டுப்படும்.

இன்னொன்று முக்கியம். பெயரில் ஈரல் இருந்தாலும் மண்ணீரல் ஈரல்குலையோடு வருவதில்லை. அது பெரிய இரைப்பையின் வெளிச்சுவரை ஒட்டியே இருக்கிறது. வெள்ளைத் தொகுதியோடுதான் வெளியே வரும். குலையில் தேடினால் கிடைக்காது. கடைக்காரர் குடலைச் சுத்தம் செய்ய அனுப்பும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், அதுவும் சிறியது. ஒரே ஆட்டிலிருந்து கால் கிலோ சுவரொட்டி என்று யாராவது நிறுத்துக் கொடுத்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

படி 4: போட்டி என்ற சொல் வரும்போது நின்று கேளுங்கள்

சென்னையிலும் வட மாவட்டங்களிலும் போட்டி என்றால் குடல், இரைப்பை வகையறா. தெலுங்கு பேசும் வீடுகளிலும் அப்படியே. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் வரை இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. ஈரோடு, திருப்பூர், தாராபுரம் பக்கம் போகப் போகக் குடல் என்ற சொல்லே ஓங்கி நிற்கும்.

உருது பேசும் வீடுகளிலும் வட இந்திய ஓட்டல்களிலும் போட்டி என்பது எலும்பில்லாத கறித்துண்டு. 'போட்டி கபாப்' என்று கோவையில் ஒரு வடநாட்டு ஓட்டலின் பட்டியலில் பார்த்துவிட்டு, குடல் வரும் என்று காத்திருந்தால் தசைக்கறிதான் தட்டில் வரும். குடல் வேண்டாம் என்று அதைத் தவிர்ப்பவர்களும் காரணமில்லாமல் தவிர்க்கிறார்கள்.

ஆகவே போட்டி என்று யார் சொன்னாலும் ஒரே கேள்வி: "பையும் சேர்த்தா, குடல் மட்டுமா?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மொழி எதுவாக இருந்தாலும் கவலை இல்லை.

படி 5: கடையில் கேட்கும் முறை

பெயர் சொல்லி நிறுத்திவிடாமல், பெயர், அடையாளம், பக்குவம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கறிக்கடைக்காரருக்குப் பக்குவம் தெரிந்தால் வெட்டும் விதமே மாறும். எடுத்துக்காட்டாக:

"அண்ணா, கல்லீரல் மட்டும் அரைக் கிலோ, நுரையீரல் வேண்டாம். வறுவலுக்கு, கொஞ்சம் பெரிய துண்டாகப் போடுங்கள்."

"ஏனுங்க அண்ணா, ஒரு செட் குடல், பையும் சேர்த்து. அதில் இருக்கும் சுவரொட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், வெட்ட வேண்டாம்."

"தலை ஒன்று, வாட்டியது. மூளையை உடைக்காமல் தனியாக எடுத்துக் கொடுங்கள்."

தலையும் காலும் வாங்கும்போது 'வாட்டியதா, தோல் உரித்ததா' என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தீயில் வாட்டி மயிரைச் சுரண்டியதில் தோல் இருக்கும். சாறு ஒட்டும் பதத்தில் கெட்டியாக வரும். உரித்ததில் அது வராது. இரண்டுக்கும் தலைக்கறி என்ற ஒரே பெயர் இருப்பதால்தான் ஒரு வீட்டுத் தலைக்கறி போல இன்னொரு வீட்டில் இருப்பதில்லை. மூளையைச் சேர்த்துச் செய்யும் வீடும் உண்டு, தனியாக மிளகு போட்டுச் செய்யும் வீடும் உண்டு. விருந்துக்கு அழைத்தவரிடம் இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

ஆடு எது என்பதையும் கேளுங்கள். கொங்கு வீடுகளில் பலர் வெள்ளாட்டையே விரும்புகிறார்கள். காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மேயும் மேச்சேரிச் செம்மறியின் கறிக்கும் தனி மதிப்பு உண்டு. குடல் வாங்கும்போது கொழுப்பையும் பாருங்கள்: கொழுப்பு அதிகம் இருந்தால் எண்ணெயைக் குறைக்க வேண்டும்.

கோழிக்கடையில் ஒரு தனிக் குழப்பம். அங்கே சிலர் கல்லீரல் என்று சொல்வது, கல்லும் மணலும் இருக்கும் கெட்டியான அரைவைப் பையை. கோழியின் உண்மையான கல்லீரல் மிருதுவானது, நொடியில் வெந்துவிடும். அரைவைப் பைக்குக் குக்கர் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வாணலியில் போட்டால் ஒன்று கரைந்திருக்கும், ஒன்று ரப்பராக இருக்கும். 'மெத்தென்றதா, கெட்டியானதா' என்று கேட்டு வாங்குங்கள்.

படி 6: பார்த்து வாங்குங்கள், தயங்காமல் ஒதுக்குங்கள்

ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் சில சமயம் இருக்கும். நாடாப்புழுவின் இளம்பருவம் அதற்குள் இருக்கலாம். ஈரலை வெட்டும்போது குழாய்களில் இலை வடிவத்தில் தட்டைப்புழு தெரிந்தாலோ, சீழ்க்கட்டி இருந்தாலோ, அந்த ஈரலையே வாங்க வேண்டாம்; அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கிடாய் விருந்து வைக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டி இருக்கும் உறுப்பைத் தோட்டத்து நாய்க்குப் போடக் கூடாது. நாய் அதைத் தின்றால் அதன் குடலில் புழு வளரும், கழிவில் முட்டை வெளியேறும், அந்த முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்கும், கை வழியாகக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். மனிதர் ஈரலில் நீர்க்கட்டி வருவது இந்த வழியில்தான். எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.

தலை வாங்கினால் நீளவாக்கில் பிளந்து மூக்குத் துளையைப் பார்த்துக் கழுவச் சொல்லுங்கள். செம்மறிகளின் மூக்குக்குள் ஒரு வகை ஈயின் புழு தங்குவது உண்டு.

படி 7: சுத்தம் செய்தல்

சிவப்புத் தொகுதிக்கு இங்கே அதிகம் வேலை இல்லை. ஈரலை வெட்டும் முன் முழுதாகக் கழுவுங்கள். வெட்டிய பின் ஊற வைத்தால் சாரம் தண்ணீரில் போய்விடும். சிறுநீரகத்தை நீளவாக்கில் பிளந்து நடுவில் இருக்கும் வெள்ளைக் குழாயை நீக்கி, உப்பிட்ட மோரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் வாடை குறையும். மூளையின் மேல் நரம்பு ஓடிய சவ்வைத் தண்ணீருக்குள் வைத்து மெல்ல உரியுங்கள்.

குடல்தான் பொறுமையைக் கேட்கும். முதலில் பையைக் கிழித்து உள்ளிருப்பதைக் கொட்டி, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். அடுத்து ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுட வையுங்கள். கொதிக்கக் கூடாது, கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு, அவ்வளவே. பையைச் சிறிது நேரம் அதில் முக்கி எடுத்து, கத்தியின் முதுகால் சுரண்டினால் உள்தோலின் கறுப்பு சுருண்டு வந்துவிடும். கொதித்த தண்ணீரில் போட்டால் அந்தத் தோல் வெந்து ஒட்டிக்கொள்ளும்; பிறகு எவ்வளவு சுரண்டினாலும் வராது. ஏடு ஏடாக இருக்கும் பையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் கழுவ வேண்டும், அங்கேதான் புல் துகள் ஒளிந்திருக்கும்.

சிறுகுடலை ஒரு முழ நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒரு முனையில் மெல்லிய குச்சியை வைத்துத் தள்ளி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து அலசுங்கள். தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மஞ்சளில் கஞ்சத்தனம் வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் பக்கத்திலேயே விளைகிறது.

படி 8: உறுப்புக்கு ஏற்ற நேரம்

கல்லீரலுக்கு வாணலியில் 8 முதல் 10 நிமிடம். நடுத்துண்டை வெட்டிப் பார்த்து, சிவப்புச் சாறு வராத இடத்தில் இறக்குங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் அது இறுகிக்கொண்டே போகும். உப்பைக் கடைசியில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

நுரையீரலைத் தனியாக வேகவிடுங்கள், அதுவும் திறந்த பாத்திரத்தில். உள்ளே காற்று இருப்பதால் நுரைத்துப் பொங்கும். குக்கரில் வைத்தால் நுரை விசில் துளைக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். மஞ்சள் தண்ணீரில் வெந்ததும் நுரையை வடித்துவிட்டுப் பொடியாக நறுக்கி வறுக்கலாம். ஈரலோடு ஒரே நேரத்தில் வாணலியில் போடுவதுதான் அந்த அரைக் கிலோ 'ஈரல்' பாழாகும் இடம்.

சுவரொட்டியைக் குழம்பில் போட்டால் கூழ் கரைந்துவிடும். மேல் சவ்வை எடுக்காமல் லேசாகக் கீறி, மிளகு, சீரகம், உப்பு தடவி, தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு இருபுறமும் உள்வரை வேக வாட்டி எடுப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. இதயத்துக்குக் கறியின் நேரமே. மூளையை மஞ்சள் தண்ணீரில் சில நிமிடம் போட்டு இறுகவிட்டு, பிறகு வெங்காயம், மிளகோடு கரண்டி அதிகம் படாமல் புரட்ட வேண்டும். ஆட்டுக்காலுக்கு விறகடுப்பில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கால் சூப் தெளிவாக, மிளகு தூக்கலாக இருக்கும். பாயா தேங்காய் அரைத்து ஊற்றிக் கெட்டியாக இருக்கும், சந்தகைக்கு (இடியாப்பம் போன்றது) அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

ரத்தத்தை வாங்கும்போது பாத்திரத்தில் சிறிது உப்புத் தண்ணீர் இருக்க வேண்டும். உறைந்ததைத் துண்டு போட்டு, மஞ்சள் தண்ணீரில் நடுப்பகுதியும் கறுத்து இறுகும்வரை வேகவிட்டு, ஆறியதும் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, உதிர்த்ததைப் போட்டுப் புரட்டி, கடைசியில் தேங்காய்த் துருவல். அன்றைய ரத்தத்தை அன்றே செய்ய வேண்டும்.

குடல் குழம்பை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்த குடல் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் உப்பும் சேர்த்துக் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்து 30 முதல் 40 நிமிடம். முதல் தண்ணீரில் வாடை இருந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள். கொத்துமல்லி விதை நான்கு தேக்கரண்டி, வரமிளகாய் எட்டு, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, கசகசா ஒன்று, சிறு துண்டு பட்டை ஆகியவற்றை எண்ணெயில் வறுத்து, ஒரு கை சின்ன வெங்காயத்தையும் அரை மூடித் தேங்காயையும் தனித்தனியே வதக்கி, எல்லாவற்றையும் நைசாக அரையுங்கள். இன்னும் கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, வெந்த குடலை அதில் போட்டு ஈரம் வற்றும்வரை புரட்டிய பிறகே அரைத்ததை ஊற்ற வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கட்டும். தக்காளி வேண்டாம், குடலுக்குப் புளிப்பு சேர்ந்தால் மிளகின் காரம் அமுங்கிவிடும் என்பது என் முடிவு. இதையே வற்றவிட்டு, தேங்காய்ப் பல் நறுக்கிப் போட்டால் குடல் வறுவல்.

யாருக்கு எது என்பதிலும் கவனம் வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை கர்ப்ப காலத்தில் ஈரலை அறவே தவிர்க்கச் சொல்கிறது. மூளையில் 100 கிராமுக்கு 1,300 மில்லிகிராமுக்கும் மேல் கொலஸ்ட்ரால். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எதுவும் ஆகாது.

படி 9: ஓட்டல் பலகையைப் படிப்பது

பலகையில் 'குடல்' என்று மட்டும் இருந்தால் குழம்பா வறுவலா என்று கேளுங்கள். 'ஈரல்' என்று இருந்தால் கல்லீரல் மட்டுமா, நுரையீரலும் கலந்ததா என்று கேளுங்கள். 'தலைக்கறி' என்று இருந்தால் மூளை உண்டா என்று கேளுங்கள். பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் சமையல்கட்டில் கேட்டு வந்து சொல்வார். நல்ல ஓட்டலில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

படி 10: பெரியவர்களிடம் பக்குவம் எழுதி வாங்குவது

அமுச்சியும் அப்பத்தாவும் சொல்லும் பக்குவத்தை அவர்கள் வாயில் வந்த பெயரோடு அப்படியே எழுதுங்கள். நமக்குத் தெரிந்த பெயராக மாற்றி எழுதிவிட்டால் பிறகு சரிபார்க்க வழி இல்லை. அவர்கள் 'செலவு' என்றால் மசாலாச் சாமான் என்று தெரிந்திருக்க வேண்டும். பணச் செலவு என்று நினைத்து விட்டுவிட்டால் பக்குவத்தின் பாதி போய்விடும். 'ஒரு செலவுக்கு' என்னென்ன, எவ்வளவு என்று கையில் எடுத்துக் காட்டச் சொல்லி, அதைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் உறுப்பின் அடையாளத்தைக் கேட்டு எழுதுங்கள்: நிறம், அளவு, அழுத்தினால் எப்படி இருக்கும், எதோடு ஒட்டியிருக்கும். முடிந்தால் கறி வாங்கும் நாளில் அவர்களையே கடைக்கு அழைத்துப் போய், அவர்கள் தொட்டுக் காட்டும் உறுப்பைப் படம் எடுத்து, படத்தின் கீழே அவர்கள் சொன்ன பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் இரண்டையும் குறிக்க வேண்டும். தாராபுரத்தில் பிறந்து சங்ககிரிக்கு வாழ்க்கைப்பட்டவர் இரண்டு ஊர்ச் சொல்லையும் கலந்தே பேசுவார். எது எந்த ஊருடையது என்று அவரிடமே கேட்டால் சொல்லிவிடுவார்.

ஒரு குறிப்பு இந்த வடிவில் இருந்தால் போதும்: 'சுவரொட்டி. மண்ணீரல். தட்டை, கருநீலச் சிவப்பு, இரைப்பையின் வெளிச்சுவரில். ஒரு ஆட்டுக்கு ஒன்று. வெட்டாமல் வாங்க வேண்டும். தோசைக்கல்லில் மிளகு, சீரகத்தோடு. அமுச்சி சொன்னது, பிறந்த ஊர் காங்கேயம்.'